தாம்பரத்தில் வாசல் திறந்த நாள்

2024 அக்டோபர் 6-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நான் சென்னையில் மகள் வீட்டில் இருந்தேன். அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. பேரன் கடற்கரைக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்த வெயிலையும் கூட்டத்தையும் இந்த எழுபத்துமூன்று வயது உடம்பு தாங்காது என்று மகள் மறுத்துவிட்டாள். வெயிலில் உயிரிழந்தவர்களைப் பற்றி மாலையில் செய்தி வந்தபோது அவள் செய்தது எவ்வளவு சரி என்று புரிந்தது. ஆகவே அடையாற்றில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, தாத்தாவும் பேரனும் வானத்தைப் பார்த்து உட்கார்ந்தோம்.

பேரன் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னான். தேஜஸ், சுகோய், ரஃபேல். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பார்ப்பதற்குள் போய்விடுகின்றன, போன பிறகு சத்தம் வருகிறது. நடுவில் ஒரு வேறு சத்தம் கேட்டது. மர வாளால் காற்றை அறுப்பதுபோல ஒரு கரகரப்பு. விமானம் கண்ணில் படுவதற்கு முன்பே, "இது ஹார்வர்ட்" என்றேன்.

பேரன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "ஆமா தாத்தா! உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அன்று அவனுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் புதுச்சேரிக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். 1951-இல் பிறந்தேன். அப்பா தபெல்லியோன் ஆபீசில் எழுத்தர். பத்திரங்களை பிரெஞ்சில் எழுதுவது, நகல் எடுப்பது அவர் வேலை. அவர் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். என்னை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாம் பிரெஞ்சில். தமிழ் ஒரு பாடம். இங்கிலீஷ் வாரத்தில் சில மணி நேரம் தலை காட்டிவிட்டுப் போகும்.

அம்மா திண்டிவனத்துப் பக்கம். அந்தக் காலத்தில் நம்மூர்க் குடும்பங்கள் பலவும் இப்படித்தான், பாதி பிரெஞ்சு எல்லைக்கு உள்ளே, பாதி வெளியே. அம்மாவின் தம்பி இந்திய விமானப்படையில் சேர்ந்து தாம்பரத்தில் இருந்தார். விமானம் ஓட்டுபவர் இல்லை, இன்ஜின் பழுதுபார்க்கும் ஃபிட்டர். ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் "என் மாமா விமானப்படையில் இருக்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். மீதியை மற்ற பையன்கள் அவர்களாகவே சேர்த்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 8-ஆம் தேதி விமானப்படை நாள். 1932-இல் இந்திய விமானப்படை தொடங்கிய நாள் அது. அதை ஒட்டி ஒரு நாள் தளத்தின் வாசலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 1960-இல் மாமா கடிதம் போட்டார்: "அக்கா, மாமாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. பாஸ் ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்."

விடிவதற்கு முன்பே புதுச்சேரியில் ரயில் ஏறினோம். விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும். அப்போது எல்லாம் மீட்டர் கேஜ், நிலக்கரி இன்ஜின். ஜன்னல் பக்கம் உட்கார்ந்த எனக்கும் தங்கைக்கும் செங்கல்பட்டு வருவதற்குள் முகமெல்லாம் கரி. தாம்பரத்தில் இறங்கியதும் அம்மா குழாயடியில் நிறுத்தி முந்தானையால் துடைத்துவிட்டாள். கையில் ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு.

வாசலில் துப்பாக்கியோடு இருவர் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் அப்பாவின் நடை தளர்ந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து மாமாவின் கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர்களில் ஒருவர் அதை வாங்கவே இல்லை. "வாங்க, வாங்க, நேரா போங்க" என்று தமிழில் சொன்னார். அப்பா கடிதத்தைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச தூரம் நடந்தார்.

அன்று பார்த்ததில் மனதில் நிற்பவை சில. மஞ்சள் வண்ணம் பூசிய ஹார்வர்ட் பயிற்சி விமானங்கள். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி தாம்பரத்தில்தான் இருந்தது. அதனால் அங்கே பறப்பவர்கள் எல்லாரும் வாத்தியார்கள் என்று மாமா சொன்னதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வாத்தியார் என்றால் எனக்குப் பிரம்புதான் தெரியும். ஆனால் அந்த வாத்தியார்களில் ஒருவர் ஹார்வர்டைத் தலைகீழாகப் புரட்டி ஓட்டியபோது கூட்டம் முழுக்க "ஐயோ" என்றது. அந்தக் கரகரப்புச் சத்தம் அன்று காதில் ஏறியதுதான். இன்னும் இறங்கவில்லை.

டக்கோட்டாவின் உள்ளே ஏற விட்டார்கள். அது தரையில் நிற்கும்போது மூக்கு மேலே தூக்கி, வால் தாழ்ந்து இருக்கும். உள்ளே நடப்பது மேடு ஏறுவதுபோல. இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி நீளப் பலகை இருக்கை. அம்மா அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர் பஸ்ஸே தேவலை" என்றாள். வாம்பயர் ஜெட்டுக்கு இரட்டை வால். அதில் விமானி உட்காரும் பகுதி மரத்தால் ஆனது என்று மாமா சொன்னார். அப்பா நம்பவில்லை. மாமா அவர் விரலைப் பிடித்துத் தட்டிக் காட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. ஒவ்வொரு விமானத்தின் பக்கத்திலும் ஒருவர் நின்று விளக்கம் சொன்னார். இங்கிலீஷில் அல்லது இந்தியில். என் வயதுப் பட்டணத்துப் பையன்கள் "சார், சார்" என்று இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். எனக்கும் கேள்விகள் இருந்தன. அவை எனக்குள் பிரெஞ்சில் இருந்தன. ஒரு பையன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். நான் விழித்தேன். "இங்கிலீஷ் தெரியாதா?" என்று தமிழில் கேட்டுச் சிரித்தான். திரும்பும்போது ரயிலில் நான் யாரோடும் பேசவில்லை.

அடுத்த முறை போனது 1962-இல். அந்த வருடம் நம்மூரில் என்ன நடந்தது என்பதை என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1-இல். ஆனால் சட்டப்படி புதுச்சேரி இந்தியாவுக்குக் கைமாறியது 1962 ஆகஸ்டு 16-இல்தான். அன்று முதல் ஆறு மாதம் தவணை. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள்.

அந்த ஆறு மாதமும் எங்கள் தெருவில் வேறு பேச்சே கிடையாது. திண்ணைக்குத் திண்ணை கணக்குப் போட்டார்கள். பென்ஷன் என்னவாகும், பிள்ளைகள் படிப்பு என்னவாகும், பிரான்சுக்குப் போனால் குளிர் தாங்குமா, போகாமல் இங்கேயே பிரெஞ்சுக்காரனாக இருந்தால் ஊரார் என்ன சொல்வார்கள். பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். முதல் மாதமே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாவிடம் தினமும் வந்து, "உன் பையன் படிக்கிறதே பிரெஞ்சு. இங்கே இருந்து அவன் என்ன செய்வான்?" என்று கேட்பார். அப்பா ஒரு தாளில் விண்ணப்பத்தைத் தம் அச்சுக் கையெழுத்தில் எழுதி முடித்திருந்தார். கையொப்பம் மட்டும் போடவில்லை. அந்தத் தாள் அலமாரியில் பெத்தி லரூஸ் அகராதிக்குள் இருந்தது. வார்த்தைக்குப் பொருள் பார்க்க அகராதியை எடுக்கும்போதெல்லாம் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நிலையில்தான் ஆயுத பூஜையை ஒட்டி மறுபடியும் தாம்பரம் போனோம். நான் வரவில்லை என்று அடம் பிடித்தேன். அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த முறை ஒரு மூலையில் நான் முன்பு பார்க்காத ஒரு ஜெட் நின்றது. வெள்ளி நிறம். பறப்பதற்கு இல்லை, பாடம் நடத்துவதற்காக நிறுத்தியிருந்தார்கள். "இது தூஃபானி" என்றார் மாமா. இந்தியில் தூஃபான் என்றால் புயல். பக்கத்தில் ஒரு சர்தார்ஜி சார்ஜென்ட் நின்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல எனக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா இறக்கையைச் சுற்றி வந்தேன்.

இறக்கையின் மேல் தேய்ந்து மங்கிப்போன சின்ன எழுத்துகள் தெரிந்தன. முதலில் படித்தேன். பிறகுதான், நான் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் படித்திருக்கிறேன் என்பது உறைத்தது. "நெ பா மர்ஷே." இங்கே மிதிக்காதே. அந்தப் பக்கம் ஓடினேன். உடம்பில் ஒரு சின்ன உலோகத் தகடு. அவியோன் மர்ஸேல் தஸ்ஸோ.

"மாமா! இது பிரெஞ்சு விமானம்!" என்று கத்தினேன்.

ஆமாம், பிரெஞ்சு விமானம்தான். தஸ்ஸோ கம்பெனியின் ஊரகான் என்ற ஜெட்டை நம் நாடு 1953-இல் வாங்கி, தூஃபானி என்று பெயர் வைத்திருந்தது. ஊரகான் என்றாலும் சூறாவளிதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தபோதே இந்திய விமானப்படையில் பிரெஞ்சு விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது. இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது அந்த எழுத்து என்னோடு பேசியது என்பது மட்டும்தான்.

மாமா சர்தார்ஜியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் என்னைக் கூப்பிட்டு இறக்கை மேலிருந்த எழுத்துகளைக் காட்டினார். நான் பொருளைத் தமிழில் சொன்னேன், மாமா இந்தியில் சொன்னார். சர்தார்ஜி இடி இடிப்பதுபோலச் சிரித்தார். அந்த இடத்தில் மிதிக்கக் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது என்பதுதான் தெரியாது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். என்னைக் கூட்டிக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தார். எழுத்து தெரிந்த இடமெல்லாம் நின்று, என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பட்டணத்துப் பையன்கள் பின்னால் வந்தார்கள். கடைசியில் ஏணி போட்டு என்னை விமானி உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார். அங்கிருந்து பார்த்தபோது அப்பா கீழே, கூட்டத்துக்குச் சற்று விலகி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் திண்டிவனம் தாண்டிய பிறகு அம்மாவிடம் மெல்லப் பேசினார். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்.

"பத்திரத்தை எடுத்துக்கிட்டு வாய்க்காலுக்குக் கிழக்கே எத்தனை வீட்டுக்குப் போயிருப்பேன். எல்லாரும் நல்லவங்கதான். 'மிசியே'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஆனா இருபது வருஷத்துல ஒரு வீட்டிலயும் நான் தாழ்வாரத்தைத் தாண்டினது இல்லை. யாரும் தாண்டாதேன்னு சொல்லல. எங்கேயும் எழுதியும் வைக்கல. எனக்காகவே தெரிஞ்சிருந்தது."

அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்காக?" என்றாள்.

"அதுக்காக ஒண்ணுமில்லை. இன்னிக்கு வாசல்ல கடிதாசைக்கூட வாங்கிப் பார்க்கல, கவனிச்சியா? ரெண்டு வருஷம் முன்னாடியும் பார்க்கல."

அவ்வளவுதான். அதற்குமேல் பேச்சு இல்லை.

நாங்கள் ஊர் திரும்பிச் சில நாட்களில், அக்டோபர் 20-ஆம் தேதி சீனாவோடு போர் மூண்டது. மாமாவை ஜோர்ஹாட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் போரில் நம் சண்டை விமானங்களை இறக்கவே இல்லை. மலைமேல் இருந்த நம் ஆட்களுக்கு அரிசியும் மருந்தும் குண்டும் கொண்டுபோய்ப் போட்டவை டக்கோட்டா போன்ற சரக்கு விமானங்கள்தான். "நம்ம ஊர் பஸ்ஸே தேவலை" என்று சொன்ன அம்மா, அந்த ஒரு மாதமும் விளக்கேற்றும்போது டக்கோட்டாவுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். பாதுகாப்பு நிதிக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா தடுக்கவில்லை.

1963 ஜனவரியில் மாமா விடுமுறையில் வந்தார். மெலிந்திருந்தார். எதிரில் நின்று உரக்கப் பேசினால்தான் அவர் காதில் விழுந்தது. இன்ஜின் பக்கத்திலேயே இரவும் பகலும் நின்றதன் பலன். சாப்பிட்டு முடித்து, "எழுதிக் குடுத்துட்டீங்களா, மாமா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. அப்பா கையை ஆட்டி இல்லை என்று காட்டினார். பிப்ரவரியில் தவணை முடிந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது இதோடு நிற்கவில்லை.

எனக்கு விமானியாக வேண்டும் என்று ஆசை. அதற்கான தேர்வு இங்கிலீஷில். என் இங்கிலீஷ் அதற்குப் போதவில்லை. கண்ணாடியும் வந்துவிட்டது. பெரியப்பா பிள்ளைகள் ஒவ்வொருவராக பிரான்சுக்குப் போனார்கள். விடுமுறைக்கு வரும்போது அவர்களிடம் வாசனை சோப்பும் கேமராவும் இருந்தன. நான் எல்.டி.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன்: "உங்க ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட்டிருந்தா நான் இப்படி இருந்திருக்க மாட்டேன்." அப்பா பதில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வேலை கிடைத்தது. எனக்கு பிரெஞ்சு தெரியும் என்பதால் பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் உட்கார வைத்தார்கள். பழைய எத்தா சிவில் புத்தகங்கள் எல்லாம் பிரெஞ்சில். தாத்தா பெயரையும் பாட்டி பெயரையும் தேடிக்கொண்டு, பிரெஞ்சுக் குடியுரிமையை நிரூபிக்கச் சான்று வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நகல் எழுதிக் கொடுப்பது என் வேலை. எத்தனையோ பேர் பிரான்சுக்குப் போக என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "மிசியே, நீங்க ஏன் போகல?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு முத்திரை குத்துவேன்.

அப்பா இறந்த பிறகு அலமாரியை ஒழித்தபோது லரூஸுக்குள் அந்தத் தாள் அப்படியே இருந்தது. அதற்குள் எனக்குப் பல வருட சர்வீஸ். குமாஸ்தா கண்ணோடுதான் முதலில் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் சரி. ஒரு பிழை இல்லை. கையொப்பமும் தேதியும் மட்டும் இல்லை. அந்த இரண்டும் இல்லாத தாளுக்கு மதிப்பில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அன்று சாப்பாட்டில் சொன்னதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் எனக்கு பிரெஞ்சைக் கொடுத்தார், அதை என்னிடமிருந்து பிடுங்கவும் இல்லை. அதே கையோடு, தான் வாசலில் நிற்க வேண்டியிராத ஒரு இடத்தையும் கொடுத்தார். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று நினைத்தது நான்தான். இரண்டும் ஒன்றாக நிற்பதை அவர் தாம்பரத்தில் ஒரு விமானத்தின் இறக்கையில் பார்த்துவிட்டார். எனக்கு அது புரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

மொட்டை மாடியில் ஹார்வர்ட் போன பிறகு பேரன் கேட்டான்: "தாத்தா, ரஃபேல்னா என்ன அர்த்தம்?"

"திடீர்னு ஓங்கி வீசும் காற்று. பிரெஞ்சு வார்த்தை. இதையும் தஸ்ஸோ கம்பெனிதான் செய்யுது."

"உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா? எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் பாடம் நடக்கிறது. முதல் பாடமாக எந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கூடவே அதன் மறுபக்கத்தையும் சொல்லிக் கொடுத்தேன். 'அந்த்ரே.' உள்ளே வாருங்கள்.